தெற்கே ஒரு வீடு பார்க்கப் போனோம்

போன சனிக்கிழமை விடியற்காலையில் என் கணவர் என்னைக் கட்டிலில் இருந்து இழுத்துக்கொண்டு போய், குளியலறைத் தரையில் தள்ளி, எனக்கு மேலே படுத்து, வாயைப் பொத்தினார்.

வாராவாரம் இந்தப் பக்கத்தைப் புரட்டுகிறவர்களுக்கு இவரைத் தெரியும். கறிக்கு உப்புக் கூடினால்கூடச் சத்தம் போடாமல் தண்ணீரைக் குடித்துவிட்டு எழும்பிப் போகிற மனிதர். எங்கள் கல்யாண வாழ்க்கையில் என் கையை இறுக்கிப் பிடித்தது ஒரே ஒரு தடவைதான். அதுவும் ஐயர் பிடிக்கச் சொன்னதால்!

அப்படிப்பட்டவருக்கு என்ன நடந்தது? சொல்கிறேன். அதற்கு முன் நாங்கள் அந்த ஊருக்கு ஏன் போனோம் என்று சொல்ல வேண்டும்.

நாங்கள் ஜெர்மனியில் ஹம் நகரத்து ஆட்கள். இலங்கையில் இருந்து அகதியாக வந்து இறங்கிய நாளில் இருந்து இங்கேதான். தமிழ்க்கடை, கோயில், ஆஸ்பத்திரி, ரயில் நிலையம் எல்லாமே பஸ்ஸில் ஏறினால் வந்துவிடும். இவர் கேபிள் தொழிற்சாலையில் இருந்து போன வருடம் ஓய்வு பெற்றார். நான் முதியோர் இல்லத்தில் அரை நேர வேலை. மிச்ச நேரம் உங்களோடு அலட்டல்.

எங்களுக்கு ஒரே மகள், அபிரா. டாக்டருக்குப் படி, டாக்டருக்குப் படி என்று சின்ன வயதில் இருந்து காதுக்குள் ஓதினோம். பிள்ளை படித்தாள். மாட்டு டாக்டருக்கு! படிப்பு முடிந்ததும் பவேரியா மாநிலத்தின் தெற்கு மூலையில், மலையடிவாரத்தில், மனிதரைவிட மாடுகள் அதிகமுள்ள ஒரு சிற்றூருக்கு வேலைக்குப் போனாள். போன இடத்தில் ஃப்ளோரியான் என்ற தச்சு வேலைக்காரப் பிள்ளையைக் கண்டுபிடித்தாள். கல்யாணம் ஹம்மில், எங்கள் முறைப்படி நடந்தது. மாப்பிள்ளை வேட்டி அவிழாமல் இருக்க பெல்ட் கட்டியதை முன்பே எழுதியிருக்கிறேன்.

இப்போது அபிரா வயிற்றில் பிள்ளை. இன்னும் இரண்டு மாதம்.

சித்திரை மாதத்தில் ஒரு நாள் போன் எடுத்தாள். வழக்கமாகக் கதை கதையாகச் சொல்கிறவள், அன்றைக்கு இழுத்து இழுத்துப் பேசினாள்.

"அம்மா, எங்கட மேல் வீடு சும்மாதான் கிடக்கு. நீங்களும் அப்பாவும் வந்திருங்கோவன்."

"ரெண்டு கிழமை வந்து நிக்கத்தானே போறம் பிள்ளை."

"ரெண்டு கிழமை இல்லை. ஒரேயடியா." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "எனக்குத் தனியப் பயமாக் கிடக்கம்மா. நீங்கள் ஏலாது எண்டா இந்த மாசக் கடைசிக்குள்ள சொல்லுங்கோ. இல்லாட்டி ஃப்ளோரியானின்ர சித்தப்பா மகனுக்குக் குடுக்க வேணும்."

பயமாக் கிடக்கு என்று என் பிள்ளை சொல்லி நான் கேட்டதே இல்லை. மதங்கொண்ட காளையின் வாய்க்குள் கை விட்டு மருந்து வைக்கிறவள்! போனை வைத்துவிட்டு நான் அழுதேன். இவர் உடனே சொன்னார்: "போவம்."

அவ்வளவுதான். ஒரு சொல். எனக்கோ அன்றைக்குப் போன நித்திரை பிறகு திரும்பவில்லை.

உங்களில் எத்தனை பேர் இப்படி யோசித்திருக்கிறீர்களோ தெரியாது. ஓய்வு பெற்ற பிறகு அமைதியான ஒரு கிராமம், மலை, பசும்புல், நல்ல காற்று... படத்தில் பார்த்தால் சொர்க்கம்தான். போய் இருக்கப் போகிறாய் என்றால்தான் கேள்விகள் வரும்.

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஹம்மில் அதற்குத் தேவை வரவில்லை. அங்கே பஸ் காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்காக ஒரு தடவை வரும், மத்தியானம் அதே பிள்ளைகளைத் திருப்பிக் கொண்டுவந்து விடும். பள்ளி விடுமுறை என்றால் அதுவும் இல்லை. இவருக்கு இரவில் நெஞ்சு நோவு வந்தால் நான் என்ன செய்வேன்? மாட்டு வைத்தியரையா எழுப்புவேன்?

நான் பேசுகிற ஜெர்மன் இந்தப் பக்கத்து ஜெர்மன். முதியோர் இல்லத்திலும் கடைகளிலும் பொறுக்கியெடுத்தது. தெற்கே பேசுவது வேறு. மாப்பிள்ளையின் தாய் கல்யாணத்தன்று என்னோடு நிறையக் கதைத்தா. நானும் நிறையத் தலையாட்டினேன். எதற்கெல்லாம் சம்மதித்தேனோ, அந்த முருகனுக்குத்தான் வெளிச்சம்.

கருவாடு பொரித்தால் பக்கத்து வீட்டார் தீயணைப்புப் படையைக் கூப்பிடுவார்களா? தெருவில் நடந்தால் கண்கள் எங்கள் மேலேயே நிற்குமா? தேர்தல் நேரத்தில் மின்கம்பங்களில் வெளிநாட்டவரைத் துரத்தச் சொல்கிற கட்சியின் படம் தொங்குமா? அந்தப் படத்துக்கு வாக்குப் போட்டவர் என் பக்கத்து வீட்டிலா, எதிர் வீட்டிலா?

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு பயம். சொன்னால் சிரிப்பீர்கள். நான் செத்தால் யார் வருவார்கள்? ஹம்மில் ஒரு செத்த வீடு என்றால் செய்தி போய் அரை மணித்தியாலத்தில் வாசலில் சப்பாத்துகள் நிறைந்துவிடும். ஒருவர் தேத்தண்ணி போடுவார், ஒருவர் ஐயரைப் பிடிப்பார், பேசாமல் விட்டிருந்தவர்கள்கூட வந்து அழுவார்கள். அங்கே? மூன்று பேரும் நான்கு மாடும்.

இதையெல்லாம் ஒவ்வொன்றாக இவரிடம் சொன்னேன். இவர் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"கடல் கடந்து வந்தனாங்கள். இது ஆட்டோபான் றோட்டில காரில போறது. உதுக்கேன் இவ்வளவு பயம்?"

எங்கள் வீட்டில் பயப்படுவது என் பகுதி. பயமில்லாமல் இருப்பது இவர் பகுதி. கல்யாணம் கட்டிய நாளில் இருந்து அப்படித்தான் வேலை பிரித்திருந்தோம்.

சரி, முடிவெடுக்க முன் ஒரு தடவை போய்ப் பார்ப்போம் என்று போன வெள்ளிக்கிழமை புறப்பட்டோம். மேல் வீட்டுக்கு அப்போதுதான் பெயிண்ட் அடித்திருந்ததால், சந்தைச் சதுக்கத்தில் ஒரு சின்ன விடுதியில் மகள் அறை எடுத்துத் தந்தாள்.

ஊர் அழகு. பொய் சொல்லக் கூடாது. நடுவில் கல்லால் கட்டிய ஒரு நீர்த்தொட்டி, சுற்றிவர ஜன்னலுக்கு ஜன்னல் சிவப்புப் பூ, பின்னால் மலை. ஒரு இறைச்சிக்கடை, ஒரு பேக்கரி, ஒரு தேவாலயம். சத்தமே இல்லை. அந்தச் சத்தமின்மைதான் முதலில் என்னைப் பயமுறுத்தியது.

இரண்டாவது பயம் பேக்கரியில். பாண் வாங்கப் போனேன். வாய் திறக்க முன்னரே விற்கிற பெண் சிரித்தாள்.

"நீங்கள்தானே ஃப்ளோரியானின் மாமியார்? நாளைக்கு..." என்று ஏதோ ஜெர்மனில் தொடங்கியவள், பின்னால் நின்ற கிழவி முழங்கையால் ஒரு இடி இடிக்க, சட்டென்று நிறுத்திவிட்டுக் காசை எண்ணத் தொடங்கினாள்.

நாளைக்கு என்ன? கேட்கத் தைரியம் வரவில்லை.

தெருவில் எல்லாரும் வணக்கம் சொன்னார்கள். நாங்கள் ஒருவரையும் அறியோம். எங்களை எல்லாரும் அறிந்திருந்தார்கள். பின்னேரம் நடந்து போகும்போது தீயணைப்பு நிலையத்துக்கு முன்னால் சில ஆண்கள் ஒரு வேனுக்குள் தடித்த பைகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். எங்களைக் கண்டதும் பேச்சு நின்றது. ஒருவர் வேன் கதவைச் சாத்தினார். இன்னொருவர் தொப்பியைத் தூக்கி வணக்கம் சொன்னார்.

நான் இவரைப் பார்த்தேன். இவர் அந்த வேனையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்னப்பா?"

"ஒண்டுமில்லை. நடவும்."

விடுதிக்கு வந்ததும் இவர் வழக்கம்போல ஜன்னல்களைப் பார்த்தார். எந்த விடுதிக்குப் போனாலும் இது நடக்கும். எந்த ஜன்னல் தெருப் பக்கம், எந்தச் சுவர் கல், எந்தக் கதவு எங்கே திறக்கிறது... ஒரு சுற்றுப் போய்விட்டுத்தான் பெட்டியைத் திறப்பார். கட்டடப் பொறியியலாளருக்குப் படிக்க ஆசைப்பட்ட மனிதர், அந்த ஆசை இன்னும் விடவில்லை என்று நான் இத்தனை காலமாகப் பகிடி பண்ணிக்கொண்டிருந்தேன்.

அடுத்த நாள் விடியற்காலை.

முதல் வெடி கேட்டபோது நான் அரை நித்திரையில். கட்டில் ஆடியது. ஜன்னல் கண்ணாடி கிடுகிடுத்தது. இரண்டாவது. மூன்றாவது. ஒன்றன்பின் ஒன்றாக, சதுக்கத்தின் ஒரு முனையில் இருந்து மறுமுனைக்கு வெடித்துக்கொண்டே போனது. அவை பட்டாசு அல்ல. பட்டாசு எனக்குத் தெரியும். இது நெஞ்சுக்குள் இடிக்கிற சத்தம்.

நான் எழும்பி உட்கார முன்னரே இவர் என்னை இழுத்துவிட்டார். வெளிச்சம் போடவில்லை, தேடவில்லை, தடுமாறவில்லை. அந்தக் குளியலறைக்கு ஜன்னல் இல்லை. நான்கு பக்கமும் தடித்த சுவர். அங்கேதான் கொண்டு போனார். நான் கத்தத்தான் வாயைத் திறந்தேன். அவருடைய கை வந்து மூடியது.

"மூச்சு விடாதையும்" என்றார் காதுக்குள். "இப்ப சுடுவாங்கள். பேந்து கதவைத் தட்டுவாங்கள். தட்டினாலும் திறக்காதையும்."

யார் தட்டுவார்கள்? நாங்கள் இருப்பது ஜெர்மனியில்! ஆனால் அந்தக் குரலைக் கேட்டால் நீங்களும் கேள்வி கேட்டிருக்க மாட்டீர்கள். அவருடைய உடம்பு முழுக்க நடுங்கியது. என் மேல் ஒரு மனிதர் கிடந்து நடுங்குகிறார், அவர் என் கணவர், அந்த நடுக்கத்தை நான் அதற்கு முன் அறிந்ததே இல்லை. வெடியைவிட அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

இரண்டாவது சுற்று தொடங்கியது. இந்த முறை வேகமாக. கதவுக்குக் கீழால் வெடிமருந்து மணம் வந்தது.

பிறகு ஓர் அமைதி. அந்த அமைதிக்குள், வெளியே சதுக்கத்தில் இருந்து ஒரு குரல்.

"அப்பா! அப்பா, வெளியில வாங்கோ!"

அபிரா.

இவருடைய கை என் வாயில் இருந்து கழன்றது. அடுத்த நொடி ஆள் இல்லை. கதவு சுவரில் மோதிய சத்தமும் படியில் காலடிச் சத்தமும் மட்டும்தான். சாரத்தோடும் பெனியனோடும் வெறுங்காலோடு அந்த மனிதர் துப்பாக்கிச் சத்தம் வந்த பக்கத்துக்கே ஓடினார். நான் பின்னால் ஓடினேன்.

வாசலுக்கு வந்தபோது நான் கண்டதை அப்படியே எழுதுகிறேன்.

சதுக்கம் முழுக்க வெள்ளைப் புகை. தோல் காற்சட்டையும் இறகு குத்திய தொப்பியும் போட்ட ஆண்கள் வரிசையாக நிற்கிறார்கள். ஒவ்வொருவர் கையிலும் குட்டையான, தடித்த குழாய் வைத்த ஒரு துப்பாக்கி. வானத்தைப் பார்த்து உயர்த்திப் பிடித்திருக்கிறார்கள். வரிசைக்கு முன்னால் ஒரு முதியவர் கட்டளை கொடுக்கக் கையை ஓங்கிக்கொண்டு நிற்கிறார். பக்கத்தில் பெரிய வயிற்றோடு, கையில் பூச்செண்டோடு, சிரித்துக்கொண்டு என் மகள்.

இவர் அந்த வரிசைக்கு முன்னாலேயே ஓடினார். மகளைப் பிடித்து இழுத்து, கல்தொட்டிக்குப் பின்னால் கொண்டு போய் இருத்தி, தன் முதுகை வரிசைக்குக் காட்டி, இரண்டு கையாலும் அவளுடைய தலையையும் வயிற்றையும் மூடிக்கொண்டார்.

"குனி பிள்ளை! குனி! நிமிராத!"

"அப்பா, இது... அப்பா, ஒண்டுமில்லை, சும்மா சத்தம்..."

"குனியடி!"

என் மகளை அவர் 'அடி' போட்டுக் கூப்பிட்டதே இல்லை.

முதியவரின் ஓங்கிய கை மெதுவாக இறங்கியது. வரிசையில் கடைசியாக நின்ற ஆளை அப்போதுதான் நான் கவனித்தேன். ஃப்ளோரியான். என் மாப்பிள்ளை. அவன் கையிலும் ஒரு துப்பாக்கி. முகம் சுண்ணாம்பாய் வெளுத்துவிட்டது. அவன்தான் முதலில் குனிந்து துப்பாக்கியைத் தரையில் வைத்தான். பக்கத்தில் நின்றவர் வைத்தார். பிறகு அடுத்தவர். ஒவ்வொருவராக எல்லாரும் வைத்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார்கள்.

விஷயம் இதுதான். அந்தப் பக்கத்து ஊர்களில் இதற்கென்று சங்கம் வைத்திருக்கிறார்கள். அந்தக் குட்டைத் துப்பாக்கிக்குப் பெயர் 'பியோலர்'. உள்ளே குண்டு கிடையாது, வெறும் வெடிமருந்து. கல்யாணம், திருநாள், பெரிய மனிதரின் பிறந்தநாள் என்றால் விடியற்காலையில் வாசலில் வந்து நின்று மூன்று சுற்றுச் சுடுவார்கள். ஊர் ஒருவருக்குச் செய்யக்கூடிய பெரிய மரியாதை அதுதானாம். எல்லாருக்கும் கிடைக்காதாம்.

அன்றைக்கு இவருக்கு அறுபத்தைந்தாவது பிறந்தநாள்... பாஸ்போர்ட்டின்படி!

எங்கள் ஆட்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது தலைமை வாத்தியார் கைக்கு வந்த ஒரு தேதியைப் போட்டார்; அந்தத் தேதியே அகதி விண்ணப்பத்துக்கும் வந்தது, பாஸ்போர்ட்டுக்கும் வந்தது. இவருடைய உண்மையான பிறந்தநாள் ஐப்பசியில், நட்சத்திரம் பார்த்துக் கோயிலில் அர்ச்சனை. மற்றத் தேதி எங்களுக்கு ஞாபகமே இருக்காது. அது உண்மையான தேதி இல்லை என்று மாப்பிள்ளைக்கு எப்படித் தெரியும்? மாமாவுக்குப் பிறந்தநாள், அதுவும் முதன்முதலாக ஊருக்கு வருகிறார் என்று சங்கத்தைக் கூட்டி, ஊர் முழுக்கச் சொல்லி, எங்களிடம் மட்டும் மறைத்திருக்கிறான். பேக்கரிப் பெண் விழுங்கிய 'நாளைக்கு' அதுதான். வேனில் ஏறிய பைகளும் அதுதான்.

அபிராவுக்கும் இந்த ஏற்பாடு தெரியும். தெரிந்துதான் சிரித்துக்கொண்டு பூச்செண்டோடு நின்றாள்.

தன் தகப்பனைப் பற்றித்தான் அவளுக்குத் தெரியவில்லை. அவளைக் குறை சொல்லி என்ன? எனக்கே தெரியவில்லையே!

நாங்கள் பிள்ளைகளுக்கு என்ன சொல்லி வளர்த்தோம்? 'நாட்டில பிரச்சினை, அதால வந்தனாங்கள்.' பிரச்சினை. எவ்வளவு வசதியான சொல்! பக்கத்து வீட்டுக்காரரோடு வேலிச் சண்டை என்றாலும் அதே சொல்தான். யாராவது மேலே கேட்டால், சாப்பிடு பிள்ளை, ஆறப் போகுது என்போம்.

விடுதி நடத்துகிற அம்மா ஒரு கம்பளியைக் கொண்டுவந்து இவருடைய தோளில் போர்த்தினா. எல்லாரும் உள்ளே வந்து சாப்பாட்டு அறையில் இருந்தோம். இவர் கோப்பையைத் தூக்கினார்; கோப்பி பாதி மேசையில் சிந்தியது. கோப்பையைத் திரும்ப வைத்துவிட்டு இரண்டு கைகளையும் மேசைக்குக் கீழே மறைத்துக்கொண்டார். அவமானம். துப்பாக்கியைப் பார்த்து நடுங்கியதைவிட, நடுங்கியதை ஊர் பார்த்ததுதான் அவரைக் கொன்றது.

அபிரா அழுதுகொண்டிருந்தாள்.

"ஏன் எனக்கு ஒரு நாளும் சொல்லேல்லை?"

"சொல்லிப் போட்டு?" என்றார் இவர். "நீயும் நித்திரை கொள்ளாமக் கிடக்கவோ?"

பிறகு தலை நிமிராமல் கொஞ்சம் சொன்னார். அவருக்கு அப்போது இருபத்துச் சொச்சம். அதுவும் விடியற்காலைதான். ஆமி ஊரைச் சுற்றி வளைத்துவிட்டான். முதலில் சுட்ட சத்தம், பிறகு வீடு வீடாகத் தட்டிய சத்தம். வீட்டில் இவரும் தங்கச்சியும் மட்டும். இரண்டு பேரும் கிணற்றடிக் குளியலறைக்குள்.

"அவள் கத்தப் பாத்தவள். நான் வாயைப் பொத்தினனான். கனநேரம் பொத்திக்கொண்டே இருந்திட்டன்... விட்டாப் பிறகு மூச்சு வரேல்லை. செத்துப்போனாள் எண்டுதான் நினைச்சனான்."

சாகவில்லை. மூச்சு வந்தது. அந்தத் தங்கச்சி, என் மச்சாள், இன்றைக்கும் கனடாவில் இருக்கிறா. அவவின் வீட்டில் போய் நின்றபோது, குளிக்கப் போனாலும் கதவைச் சாத்தாமல் போவதைக் கண்டிருக்கிறேன். விசர்ப் பழக்கம் என்று நினைத்தேன். ஏன் என்று கேட்கவில்லை.

இன்னொன்றும் அந்த மேசையில் வைத்துத்தான் எனக்கு விளங்கியது. ஜெர்மனியில் வருடக் கடைசி இரவு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். தெரு முழுக்க வெடி. வேலை செய்த காலம் முழுக்க அந்த இரவு வேலையை இவர் கேட்டு வாங்கிச் செய்தார். கூட வேலை செய்தவர்கள் இவரைத் தெய்வம் என்றார்கள். கூடுதல் சம்பளத்துக்காகத்தான் போகிறார் என்று நான் நினைத்தேன். தொழிற்சாலைக்குள் மெஷின் இரைச்சலில் வெளியே வெடிப்பது கேட்காது... அவ்வளவுதான் காரணம்.

பயமில்லாத மனிதரோடு குடும்பம் நடத்துகிறேன் என்று இருந்தேனே! பயத்தை எனக்குத் தெரியாமல் வேலைக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்.

இதற்குள் ஃப்ளோரியான் உள்ளே வரவில்லை. வாசலிலேயே நின்றான். இவர்தான் கை காட்டிக் கூப்பிட்டார். வந்து பக்கத்தில் இருந்தான். ஆறடி உயரப் பிள்ளை, அழுது கண் வீங்கியிருந்தது.

"உள்ளுக்குக் குண்டு இல்லையோ?" என்று இவர் ஜெர்மனில் கேட்டார்.

"இல்லை, மாமா." 'மாமா' என்ற அந்த ஒரு சொல்லை மட்டும் தமிழில் சொல்லுவான்.

"குண்டு இல்லாட்டிப் பேந்து என்னத்துக்குச் சுடுறீங்கள்?"

அவனுக்குக் கேள்வியே விளங்கவில்லை. அபிராவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பிறகு மெல்லச் சொன்னான். "சந்தோஷத்துக்கு."

இவர் என் பக்கம் திரும்பினார். "சந்தோஷத்துக்குச் சுடுறாங்களாம்" என்று என்னிடம் தமிழில் சொன்னார், நான் கேட்காததுபோல.

ஃப்ளோரியான் ஒரே மூச்சில் பேசினான். இனிமேல் அந்த ஊரில் இவர் இருக்கும்வரை சுடமாட்டார்கள், சங்கத்தில் கதைத்துவிட்டான், முதியவர் ஒத்துக்கொண்டுவிட்டார், தான் சங்கத்தை விட்டே விலகுகிறான். தயவுசெய்து வர மாட்டோம் என்று மட்டும் சொல்லிவிட வேண்டாம்.

அபிரா வயிற்றில் கையை வைத்துக்கொண்டு தகப்பனின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு என்ன ஆசை தெரியுமா? உண்மையைச் சொல்கிறேன். இவர் ஏலாது என்று சொல்ல வேண்டும். அன்றைக்கே காரில் ஏறி ஹம்முக்கு ஓடிவிட வேண்டும். பிள்ளையை நினைத்தால் நெஞ்சு பிளந்தது, ஆனாலும் ஓட வேண்டும். அந்தக் குளியலறைத் தரையில் நான் இன்னொரு தடவை படுக்க மாட்டேன்.

இவர் மேசைக்குக் கீழே இருந்து கைகளை எடுத்தார். இன்னும் கொஞ்சம் நடுங்கிக்கொண்டுதான் இருந்தன. இந்த முறை மறைக்கவில்லை.

"பிள்ளை பிறந்தாலும் சுடுறனீங்களோ?"

ஃப்ளோரியான் தயங்கினான். "வழக்கம்தான், மாமா. பிள்ளையை வீட்டுக்குக் கொண்டு வரும்போது. ஆனால் நாங்கள்..."

"ஊரில எல்லாப் பிள்ளையளுக்கும் சுட்டு, என்ர பேரப்பிள்ளைக்கு மட்டும் சுடாம விடுறதோ?"

"இஞ்சருங்கோ, உங்களுக்கு ஏலாது" என்றேன் நான்.

"நீர் பொறும்." மாப்பிள்ளையின் பக்கம் திரும்பினார். "சுடுங்கோ. ஆனா எனக்கு முதலே சொல்லிப் போட்டுச் சுடுங்கோ. என்ன நாள், எத்தினை மணி, எத்தினை வெடி எண்டு. நான் கதிரையைப் போட்டு இருந்து பாப்பன். பயந்தா உள்ளுக்குப் போவன். அது என்ர பாடு."

அபிரா எழும்பி வந்து தகப்பனின் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். ஃப்ளோரியான் வெளியே ஓடினான். சதுக்கத்தில் இன்னும் அப்படியே நின்றுகொண்டிருந்த ஆண்களிடம் போய்ச் சொன்னான். அவர்கள் ஒவ்வொருவராக ஜன்னலைப் பார்த்துத் தலையசைத்தார்கள்.

ஆக, போகிறோம். வீட்டில் பெட்டிகள் பாதி கட்டியாகிவிட்டது. என் பயம் ஒன்றும் போகவில்லை. பஸ் இன்னும் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குத்தான் ஓடுகிறது. செத்தால் யார் வருவார்கள் என்று இன்னும் தெரியாது. இவர் கதிரையில் இருந்து பார்க்கப் போகிறாராம்; நான் உள்ளேதான் இருப்பேன்.

இடம் மாறப் போகிறவர்கள் யாராவது என்னிடம் யோசனை கேட்டால் இனி ஒன்றுதான் சொல்வேன். ஊரைப் பற்றி நான் கேட்காத கேள்வி இல்லை. டாக்டர் எங்கே, அரிசி எங்கே, சனம் எப்படி என்று எல்லாம் கேட்டேன். பக்கத்தில் படுத்திருக்கிற மனிதரிடம், உங்களுக்கு என்ன பயம் என்று கேட்கவில்லை. கேளுங்கள். பெட்டி கட்ட முன் கேளுங்கள்.

நேற்று ஃப்ளோரியான் போன் எடுத்தான். அடுத்த மாதம் ஊரில் ஒரு கல்யாணமாம். காலை ஆறு மணி, மூன்று சுற்று, தேவாலயப் பக்கம். சொல்லிவிட்டு, "சரியா, மாமா?" என்று கேட்டான். இவர் "ஓம்" என்றார்.

எங்களிடம் கேட்டுவிட்டுச் சுடுகிறவர்களை நாங்கள் சந்திப்பது, வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை.